டாக்டரம்மாவுக்கு என்ன கொடுப்பது?

ஈரோடு மாவட்டத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"எங்களுக்கு இரண்டு கறவை மாடு, நாலு வெள்ளாடு, ஒரு நாய். எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்கு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெண் டாக்டர் வந்தார். போன மாசியில் எங்கள் செவலை (ஜெர்சி கலப்பு, மூன்றாவது ஈற்று) கன்று போட முடியாமல் தவித்தது. ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தோம். கணவரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கன்று செத்துத்தான் வந்தது. மாடு பிழைத்தது. மறுநாள் மாடு படுத்துவிட்டது. விடிகாலையில் மறுபடி வந்து பாட்டில் ஏற்றினார். காதில் குழாயை மாட்டிக்கொண்டு, மாட்டின் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல் குந்தியே இருந்தார். அந்தக் கரிசனத்தை மறக்க முடியவில்லை. பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன். வாங்குவாரா? என் மாமியார், 'கன்னும் போச்சு, ஒரு வாரப் பாலும் போச்சு, இதுல சேலை வேறயா' என்கிறார். இப்போது டாக்டருக்கு மாறுதல் வரும் என்று பேச்சு. ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்து நிறுத்தலாம் என்கிறார்கள். என்ன செய்தால் சரி ஐயா? இன்னொன்று, என் மாமனார் கேட்ட வலி ஊசியைப் போட மாட்டேன், கழுகு செத்துப்போகும் என்று சொல்லிவிட்டார். அது நிஜமா?"

அம்மா, வணக்கம்.

சேலையை அவர் வாங்க மாட்டார். அரசு ஊழியர் பொதுமக்களிடம் அனுமதியில்லாமல் பரிசு வாங்கக் கூடாது என்று 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நீங்கள் சேலையை நீட்டும்போது அவர் "வேண்டாங்க" என்று சொல்ல வேண்டும், உங்கள் முகம் வாடும், அதைப் பார்த்து அவர் சங்கடப்பட வேண்டும். நன்றி சொல்லப் போய் ஒருவரை இந்த இக்கட்டில் நிறுத்துவானேன்? அடுத்த வாரமே அவர் எதிர்வீட்டு ஆட்டைப் பார்க்க வருவார். "அவங்க வீட்ல பட்டு வாங்கினாங்களாம், அதான் அங்க ராத்திரியில போனாங்க" என்று ஒரு வாய் சொன்னால் போதும், மூன்று வருஷ நல்ல பெயர் அன்றைக்கே கெட்டுவிடும்.

மோர் கொடுங்கள், குடிப்பார். தோட்டத்தில் காய்த்த நாலு கத்திரிக்காய் கொடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நான் கால்நடை டாக்டராக இருந்த சர்வீஸில் ஒரு பெரியவர் தலை அளவுக்குப் பெரிய பூசணிக்காயை மருந்தக வாசலில் வைத்துவிட்டு, நான் திருப்பிக் கொடுத்துவிடுவேனோ என்று ஓடியே போனார். அதைச் சமைத்து ஊழியர்கள் எல்லோரும் சாப்பிட்டோம். பூசணிக்கும் பட்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சட்டப்படி சொல்லத் தெரியாது. ஆனால் கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் மனசுக்குள் தெரியும்.

பணம் வாங்கவில்லை என்பதை வைத்து அவரை நல்ல டாக்டர் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், அது மட்டும் போதாது என்பேன். பணம் வாங்காமல் தப்பு வைத்தியம் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர் நல்ல டாக்டர் என்பதற்கு வேறு சாட்சிகள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. எழுதும்போது உங்களுக்கே அது தெரிந்திருக்காது.

முதல் சாட்சி அந்தக் காதுக் குழாய். நீங்கள் அதைக் கரிசனம் என்கிறீர்கள். கரிசனம்தான். ஆனால் அதில் கணக்கும் இருக்கிறது. உங்கள் செவலைக்கு வந்தது பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். கன்று போட்டவுடன் மடியில் பால் திடீரென்று சுரக்கும்போது, ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) நிறையப் பாலுக்கு ஓடிவிடுகிறது. கால்சியம் குறைந்தால் தசை வேலை செய்யாது. மாடு எழ முடியாமல் படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்துக்கொள்ளும், சாணி போடாது. ஜெர்சிக்கு இது அதிகம் வரும், அதுவும் மூன்றாவது ஈற்றிலிருந்து. வைத்தியம் கால்சியம்தான், ரத்தக்குழாயில் நேராக ஏற்ற வேண்டும். அதே கால்சியம் வேகமாகப் போனால் இதயத்தை நிறுத்திவிடும். அதனால்தான் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு, துடிப்பு தாறுமாறாகிறதா என்று ஒவ்வொரு நிமிஷமும் கேட்க வேண்டும். துடிப்பு தப்பினால் உடனே மருந்துக் குழாயை மடக்கி நிறுத்த வேண்டும். அப்படி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மாட்டின் தொடைத் தசை துடிக்கும், ஒரு ஏப்பம் விடும், சாணி போடும், அப்புறம் முட்டி போட்டு எழுந்து நின்றுவிடும். செவலையும் அப்படித்தான் எழுந்திருக்கும்.

இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், இதே பால் காய்ச்சலுக்கு ஒரு மாட்டைப் பார்க்கப் போனேன். தர்மபுரிப் பக்கம், நல்ல வெயில். இன்னும் இரண்டு ஊர் போக வேண்டிய அவசரம். குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டேன். பாட்டிலில் பாதி இறங்கியிருக்கும், மாடு ஒரு தடவை காலை உதறியது, அவ்வளவுதான். எனக்கு என்ன நடந்தது என்று தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது. "நோவு முத்திப் போச்சு" என்று சொல்லித் தப்பியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "நான் வேகமா ஏத்திட்டேங்க, என் மேல தப்பு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மாசம் கழித்து, அவருடைய இன்னொரு மாடு கன்று போடும் நேரத்தில், பக்கத்தில் வேறு டாக்டர் இருந்தும் எனக்குத்தான் ஆள் அனுப்பினார். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. சால்வை, மாலை எல்லாம் கிடைத்தது. எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

இப்போது மாமியார் விஷயத்துக்கு வருவோம். அவர் கணக்கைத் தப்பு என்று தள்ள முடியாது. கறவை வைத்துப் பிழைக்கிறவருக்கு ஒரு கன்றும் ஒரு வாரப் பாலும் சாதாரண நஷ்டம் இல்லை. ஆனால் அந்தப் பால் ஏன் போனது? சீம்பால் நாட்கள் கழிந்த பிறகும் இத்தனை நாளைக்குச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். கருப்பைக்குள் கைவிட்ட பிறகு கிருமி தங்காமல் இருக்க ஆன்டிபயாடிக் போட்டிருப்பார், அந்த மருந்து பாலில் இறங்கும், மருந்துக்குத் தகுந்தபடி சில நாள் பாலை நிறுத்தியே ஆக வேண்டும். பல பேர் இதைச் சொல்வதே இல்லை. சொன்னால் மாட்டுக்காரருக்குக் கோபம் வரும், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் பாலைக் குடிக்கப்போவது அவருக்கு முகம் தெரியாத ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை. அந்தக் குழந்தைக்காக உங்கள் கோபத்தை அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். நம்பலாம் என்று நான் சொல்வது இந்த மாதிரி ஆளைத்தான்.

கன்று விஷயம் கொஞ்சம் கசப்பானது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். டாக்டருக்குப் போன் போகும் முன் ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள் என்கிறீர்கள். கன்றின் தலை பின்பக்கம் மடங்கியிருந்தால், முன்னங்காலைப் பிடித்து எத்தனை பேர் இழுத்தாலும் வராது. இழுக்க இழுக்க இன்னும் இறுகும். முதலில் கன்றை உள்ளே தள்ளி, தலையை நேராக்கி, அப்புறம்தான் வெளியே எடுக்க வேண்டும். அந்த இழுப்பில் கன்று போயிருக்கலாம், அதற்கு முன்பே போயிருக்கவும் கூடும், இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாக்டருக்கு அது தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தில் பின்னால் ஒரு வரி வருகிறது: "ஒரு வாரம் கழிச்சு வந்தப்ப, அடுத்த தடவை இழுக்காதீங்க, முதல்ல எனக்கு போன் போடுங்கன்னு சொன்னாங்க." அன்று ராத்திரி செத்த கன்றைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இதைச் சொல்லவில்லை பாருங்கள். மாடு எழுந்து, தீனி தின்ன ஆரம்பித்த பிறகு சொல்லியிருக்கிறார். மாட்டுக்கு மட்டும் இல்லை, மாட்டுக்காரருக்கும் வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர். இதை வேப்பேரியில் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கு வர ரொம்ப வருஷம் ஆனது.

கழுகு விஷயம் நிஜம். உங்கள் மாமனார் கேட்டது டைக்ளோஃபினாக் ஆக இருக்கும். அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைப் பாறு கழுகு தின்றால் கழுகின் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். இப்படியே இந்தியாவில் மூன்று வகைப் பாறு கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துபோயின. 2006இல் அதைக் கால்நடைகளுக்குப் போடத் தடை வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டையும் சேர்த்துத் தடை செய்தார்கள். மிச்சமிருக்கும் கழுகுகளில் ஒரு கூட்டம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது, உங்கள் மாவட்டத்துச் சத்தியமங்கலம் காட்டை ஒட்டித்தான். அதனால் உங்கள் டாக்டருக்கு இது ஏதோ தூரதேசத்துச் சமாச்சாரம் இல்லை. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, கழுகுக்குத் தீங்கு செய்யாது, மாட்டுக்கும் நன்றாகவே கேட்கும். பை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து எதற்கெடுத்தாலும் ஊசி போடுகிறவர்களிடம் நம் ஜனங்கள் பழகிவிட்டார்கள். கேட்ட ஊசியைப் போடாத டாக்டர் கெட்டிக்காரர் இல்லை என்று ஒரு எண்ணம். மாமனாரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், மருமகள் சொன்னால் கேட்பாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.

மாறுதலை நிறுத்த மனு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நேரில் போய், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, "நீங்க போறதுக்கு விருப்பப்பட்டுத்தான் கேட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள். பெண்ணின் படிப்பு இருக்கும், வயசான அப்பா அம்மா இருப்பார்கள், கணவருக்கு வேறு ஊரில் வேலை இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு மனைவி பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்து வரும் அந்த மனுஷர் பகலில் எங்கே வேலைக்குப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு ஒரு தடவை இப்படித்தான் ஆனது. கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்து, என் அம்மா படுக்கையில் இருந்த நேரம், ஊர்க்காரர்கள் நூற்றைம்பது கையெழுத்தோடு போய் என் மாறுதலை ஆறு மாசம் தள்ளிவைத்தார்கள். எனக்கு மாலை வேறு போட்டார்கள். சிரித்துக்கொண்டே நின்றேன். அம்மாவுக்கு அந்த ஆறு மாசம்தான் மிச்சம் இருந்தது.

அவருக்கே போக விருப்பம் இல்லை என்றால் மனு கொடுங்கள், தப்பில்லை. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சரி, நன்றியை எப்படித்தான் சொல்வது? எழுதிச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் இருப்பார். அவருக்கு ஒரு கடிதம், அதன் நகல் கலெக்டருக்கு. என்ன தேதி, எத்தனை மணி, என்ன மாட்டுக்கு என்ன ஆனது, டாக்டர் என்ன செய்தார், அவ்வளவுதான். "தெய்வம் போல வந்தார்" என்றெல்லாம் வேண்டாம், தெய்வத்துக்கு யாரும் பதவி உயர்வு கொடுப்பதில்லை. அந்த அலுவலகத்துக்கு வரும் தபாலில் புகார்தான் மூட்டையாக வரும், டாக்டர் வரவில்லை, ஊசி போட்டும் மாடு செத்தது என்று. நல்லபடியாக ஒரு கடிதம் வந்தால் அதைப் பிரிக்கிற கிளார்க் கூட இரண்டு தடவை படிப்பார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய் நேரிலும் கொடுக்கலாம், "குறை இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டு.

அப்புறம் கிராம சபை. உங்கள் மருந்தகத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுங்காக வருகிறதா? மாட்டை நிறுத்திக் கட்டும் இரும்புச் சட்டம் ஆடாமல் இருக்கிறதா? எத்தனை மருந்தகங்களில் டாக்டர் பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கிக் கை கழுவுகிறார் என்று எனக்குத் தெரியும். சட்டம் ஆடினால் ஒரு உதையில் டாக்டரின் மணிக்கட்டு போய்விடும். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று இவற்றைக் கேட்டு ஒரு தீர்மானம் போட வையுங்கள். பட்டுச்சேலையை விட இது அவருக்கு உதவும், இவருக்குப் பின்னால் வரப்போகிறவருக்கும் உதவும்.

கோமாரி தடுப்பூசி முகாம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரும். அன்று காலையில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு, டாக்டர் தெருத்தெருவாக அலைந்து தேடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. உங்கள் தெருவுக்காவது நீங்கள் பொறுப்பெடுங்கள். முதல் நாள் ராத்திரி வீடு வீடாகச் சொல்லி, காலையில் எல்லா மாட்டையும் வாசலில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். காதில் மாட்டிய பன்னிரண்டு இலக்க அடையாள வில்லை கழன்று விழுந்த மாடு எது என்றும் பார்த்து வைத்துவிடுங்கள். கிடாரிக் கன்று இருந்தால் நாலு மாசத்திலிருந்து எட்டு மாசத்துக்குள் கருச்சிதைவு நோய்க்கு ஒரே ஒரு தடவை ஊசி போட வேண்டும், அதை மறக்கக் கூடாது. அந்த நோய் மாட்டிலிருந்து மனுஷருக்குத் தொற்றும். தோள் வரை நீளும் பிளாஸ்டிக் உறையை மாட்டினால் கன்றின் கால் எது, தலை எது என்று விரலுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் எங்களில் பல பேர் உறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை உள்ளே விடுவோம். என் கூடப் படித்தவர் ஒருவர் அந்த நோய் வந்து மூட்டுவலியோடு வருஷக்கணக்காகக் கஷ்டப்பட்டார். நீங்கள் உங்கள் கன்றுக்குப் போடும் ஊசி உங்கள் டாக்டரின் கைக்கும் பாதுகாப்பு.

ராத்திரியில் அவரைக் கூப்பிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கன்று வராமல் திணறல், வயிறு உப்பி மூச்சு வாங்குவது, கன்று போட்ட மாடு எழ முடியாமல் கிடப்பது, இவற்றுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். ஆடு இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை என்பதை இரண்டாம் நாள் ராத்திரி பத்து மணிக்குச் சொல்லக் கூடாது, முதல் நாள் காலையில் சொல்ல வேண்டும். அவர் எடுக்கவில்லை என்றால் 1962 என்ற இலவச எண் இருக்கிறது. போனில் பேசும்போது பனிக்குடம் உடைந்து எவ்வளவு நேரம் ஆச்சு, வெளியே என்ன தெரிகிறது, கால் ஒன்றா இரண்டா, குளம்பு மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று சொன்னால், அவர் வண்டியில் வரும்போதே பாதி யோசித்து முடித்துவிடுவார். வந்து சேரும்போது இரண்டு வாளி வெந்நீர், சோப்பு, துவைத்த துண்டு, நல்ல வெளிச்சம் தயாராக இருக்கட்டும். அவருடைய நம்பரைக் கேட்கிறவருக்கெல்லாம் கொடுக்காதீர்கள்.

செவலைக்கு இன்னொரு தடவை பால் காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். அடுத்து சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து சுமார் 280 நாள் எண்ணிக் கன்று போடும் நாளையும் குறித்து வையுங்கள். அதற்கு இரண்டு மாசம் முன்னாலேயே மருந்தகத்துக்குப் போய்த் தீவனத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று வாரம், நல்லது என்று நினைத்துக் கால்சியம் டானிக் ஊற்ற வேண்டாம். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்தை எடுக்கும் பழக்கத்தை உடம்பு விட்டுவிடும், கன்று போட்ட அன்று அவசரத்துக்கு எடுக்க வராது. மருந்தகத்தில் அப்போது இவரே இருந்தாலும் சரி, புதிதாக வந்தவர் இருந்தாலும் சரி, போன மாசியில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள், கயிறு கட்டி இழுத்ததையும் சேர்த்து.

சேலையை மாமியாருக்குக் கட்டக் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரப் பால் போன வருத்தம் கொஞ்சம் தீரும்.